பாட்டில் பாசிட்டிவ் ஆன பிறகு: ரத்தத் தொற்றில் விரைவு மரபணுப் பரிசோதனையை எப்படிச் செய்வது, எப்படிப் படிப்பது

விரைவுப் பரிசோதனைக் கருவி லேபுக்கு வந்த முதல் மாதம். இரவில் ஒரு பிளட் கல்ச்சர் பாட்டில் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்க்கும் பாட்டில்) பாசிட்டிவ் ஆனது, டியூட்டியில் இருந்தவர் தாமதிக்காமல் அந்தக் கருவியின் கார்ட்ரிட்ஜைப் போட்டார், அதிகாலை நாலு மணிக்கு முன்பே ரிசல்ட்டும் வந்துவிட்டது: கிளெப்சியெல்லா நிமோனியே என்ற கிருமி, கூடவே மருந்தை உடைக்கும் என்டிஎம் நொதியின் மரபணு. அந்தத் தாள் பிரிண்டர் தட்டிலேயே கிடந்தது. காலை ஒன்பதரைக்கு நான் எடுத்துப் பார்த்து ஐசியூவுக்குப் போன் செய்தபோது, நோயாளிக்கு மெரோபெனெம் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. என்டிஎம் நொதி உடைத்துப் போடுகிற மருந்துதான் அது. யாரும் சோம்பேறித்தனமாக இருக்கவில்லை. ரிசல்ட் வந்தால் யார் யாருக்குச் சொல்வது என்று நாங்கள் எழுதிவைக்கவே இல்லை, அவ்வளவுதான்.

அதனால் இங்கே மெஷினுக்குள் ஓடுகிற அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்வேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் கரைந்துபோகிற நேரம்தான் பெரிய விஷயம். லேபில் புதிதாகச் சேர்ந்தவர்கள், வார்டில் ரிசல்ட்டை வாங்கி மருந்தை மாற்ற வேண்டிய இளம் டாக்டர்கள், இரண்டு பேரையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் பழைய வழி எப்படி என்று பார்த்துவிடலாம். ரத்தத்தை பாட்டிலில் விட்டு மெஷினில் வைக்கிறோம். கிருமி வளர்ந்தால் கரியமில வாயு வரும், அதை மெஷின் கண்டுபிடித்து அலாரம் கொடுக்கும். உண்மையான தொற்றாக இருந்தால் பெரும்பாலும் முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் இது நடந்துவிடும். பிறகு கிராம் ஸ்டெயின் (கிருமிக்குச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது), பிறகு பிளேட்டில் போட்டு ஒரு இரவு, அதில் வளர்ந்த காலனியை எடுத்து எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று பார்க்க இன்னொரு இரவு. அலாரத்துக்குப் பிறகு மட்டும் ஏறக்குறைய இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் டாக்டர் குத்துமதிப்பாகத்தான் மருந்து கொடுக்கிறார். செப்டிக் ஷாக்கில் (தொற்றால் ரத்த அழுத்தம் சரிந்துபோகும் நிலையில்) சரியான மருந்து தள்ளிப்போகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும், முதல் 6 மணி நேரத்தில், பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைந்ததாக 2006-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு சொன்னது. அப்படிப்பட்ட நோயாளிக்கு இரண்டு நாள் என்பது யுகம்.

விரைவு மரபணுப் பரிசோதனை இந்த இரண்டு நாளைத்தான் வெட்டுகிறது. அலாரத்துக்கு முந்தைய நேரத்தை அது தொடுவதில்லை, பாட்டில் பாசிட்டிவ் ஆன பிறகுதான் அதற்கு வேலை. ‘நேரடியாக ரத்தத்திலேயே பிசிஆர் (மரபணுவைப் பெருக்கித் தேடும் முறை) போட்டால் என்ன’ என்று எல்லோரும் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்கு ரத்தத் தொற்று இருக்கும்போதுகூட ஒரு மில்லி ரத்தத்தில் பல சமயம் ஒன்றோ இரண்டோ கிருமிகள்தான் இருக்கும். பரிசோதனைக்கு 200 மைக்ரோலிட்டர் எடுத்தால், அந்தத் துளியில் ஒரு கிருமிகூட இல்லாமல் போகவே வாய்ப்பு அதிகம். பாசிட்டிவ் ஆன பாட்டிலில் அதே 200 மைக்ரோலிட்டரில் லட்சக்கணக்கில் இருக்கும். டி2 போன்ற சில முறைகள் நேரடி ரத்தத்திலேயே 3 முதல் 5 மணி நேரத்தில் பார்த்துவிடுகின்றன, ஆனால் அவை தேடுகிற கிருமிகளின் பட்டியல் சின்னது. கல்ச்சருக்கு அவை மாற்று ஆகாது.

சரி, ரத்தம் எடுப்பதிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் பாதி ரிசல்ட் அங்கேயே கெட்டுப்போகிறது.

ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன் எடுங்கள். குறைந்தது இரண்டு செட், வெவ்வேறு இடத்திலிருந்து, ஒரு செட்டில் ஏரோபிக் (ஆக்ஸிஜன் உள்ளது) ஒன்று அனேரோபிக் (ஆக்ஸிஜன் இல்லாதது) ஒன்று, பெரியவர்களுக்கு ஒவ்வொரு பாட்டிலிலும் 8 முதல் 10 மில்லி. இந்த அளவைப் பலரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 3 மில்லி விட்டுவிட்டு ‘கல்ச்சர் நெகட்டிவ்’ என்று நிம்மதியாக இருப்பார்கள். மில்லிக்கு ஒரு கிருமிதான் இருக்கிறது என்றால் 3 மில்லிக்கும் 20 மில்லிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நீங்களே பாருங்கள். ஆல்கஹால் கலந்த குளோரெக்ஸிடினால் தோலைத் துடைத்து, காய விடுங்கள். காய்வதற்கு முன் ஊசியைக் குத்தினால் துடைத்ததே வீண். பாட்டில் மூடியைத் திறந்ததும் தெரியும் ரப்பரையும் துடைக்க வேண்டும், அது ஸ்டெரைல் என்று நினைத்துக்கொள்கிறார்கள், கிடையாது. எடுத்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், இரண்டு மணி நேரத்துக்குள் மெஷினுக்குள் போய்விட வேண்டும். வார்டு மேசையில் விடிய விடியக் கிடந்த பாட்டிலுக்கு ஒரு மணி நேர டெஸ்ட் போட்டு என்ன பயன்?

அலாரம் அடித்தது. இப்போது என்ன செய்வது என்பதை நிதானமாகச் சொல்கிறேன்.

பாட்டிலை பயோசேஃப்டி கேபினெட்டுக்குள் கொண்டுபோங்கள். வாயு சேர்ந்து உள்ளே அழுத்தம் இருக்கும், ஊசி குத்தினால் பீய்ச்சி அடிக்கலாம். மெல்லத் தலைகீழாகப் புரட்டிக் கலக்குங்கள், ரப்பரைத் துடையுங்கள், பிறகு எடுங்கள். முதல் துளி ஸ்லைடுக்கு. கார்ட்ரிட்ஜ் எல்லாம் சொல்லிவிடும், எதற்குக் கிராம் ஸ்டெயின் என்று கேட்காதீர்கள். பிற்பாடு மெஷின் ஏதாவது உளறினால் அதைப் பிடிக்கப்போவது இந்த ஸ்லைடுதான். ஆயில் இம்மெர்ஷனில் ஊதா நிறத்தில் திராட்சைக் கொத்து போலத் தெரிகிறதா, ஜோடி ஜோடியாக, குட்டிச் சங்கிலியாகத் தெரிகிறதா, இளஞ்சிவப்பில் குச்சி குச்சியாக இருக்கிறதா, அதோடு ஒரே வகையா இரண்டு வகையா, இதைக் கண்ணால் பார்த்துக் குறித்துவையுங்கள். ரொம்ப நேரம் கழித்து அலாரம் வந்து, மிகச் சிறிய, குச்சியா உருண்டையா என்றே சொல்ல முடியாத சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் புருசெல்லாவாக இருக்கலாம். அடுத்த எந்த வேலையையும் கேபினெட்டுக்கு வெளியே செய்யாதீர்கள்.

அதே கையோடு பிளேட்டிலும் போட்டுவிடுங்கள். மரபணு டெஸ்ட் செய்தாலும் கல்ச்சரை நிறுத்தக் கூடாது. அந்தக் காலனி இல்லாமல் முழு மருந்துப் பட்டியல் வராது.

பிறகு கார்ட்ரிட்ஜ். இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, கை வேலை இரண்டு மூன்று நிமிடம்தான். கிருமியை உடைப்பது, டிஎன்ஏவைப் பிரிப்பது, பெருக்குவது, எந்த மரபணு என்று கண்டுபிடிப்பது எல்லாம் மூடிய பைக்குள் தானாக நடக்கிறது. பயோஃபயர் பிசிஐடி2 பேனல் (ஒரே கார்ட்ரிட்ஜில் பல கிருமிகளையும் மரபணுக்களையும் தேடும் தொகுப்பு) 43 இலக்குகளை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தேடும். ஸ்டஃபிலோகாக்கஸுக்கு மட்டும் என்றால் ஜீன்எக்ஸ்பெர்ட்டில் எம்ஆர்எஸ்ஏ (மெத்திசிலின் வகை மருந்துகள் கேட்காத ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ்) கார்ட்ரிட்ஜ் இருக்கிறது, அதுவும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். வெரிஜீன் இரண்டரை மணி நேரம் எடுக்கும். கிட்டோடு வரும் தாளை ஒருமுறையாவது முழுதாகப் படியுங்கள். எந்த வகை பாட்டில் ஒத்துவரும் (கரி போட்ட பாட்டில்கள் சில கிட்டுகளுக்கு ஆகாது), பாசிட்டிவ் ஆகி எத்தனை மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. கார்ட்ரிட்ஜ் விலை அதிகம், எல்லா பாட்டிலுக்கும் போட முடியாது என்றால் ஒரு நோயாளிக்கு முதல் பாசிட்டிவ் பாட்டிலுக்கு மட்டும் போடுங்கள். ஸ்லைடில் வேறு வகை கிருமி தெரிந்தால் மட்டும் இரண்டாவது.

இனிமேல்தான் முக்கியமான பகுதி: ரிசல்ட்டைப் படிப்பது.

ஒரே ஒரு விஷயத்தை மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். மரபணு இருக்கிறது என்றால் அந்த மருந்து கேட்காது என்று நம்பலாம், பெரும்பாலும். மரபணு இல்லை என்றால் மருந்து கேட்கும் என்று அர்த்தம் இல்லை. ‘நாங்கள் தேடியவை இல்லை’ என்பது மட்டும்தான் அதன் பொருள். எந்தக் கிருமி என்பதைப் பொறுத்து இந்த ‘இல்லை’யின் எடை மாறும்.

ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸில் இந்த ‘இல்லை’க்கு எடை அதிகம். மெத்திசிலின் வகை மருந்துகளைக் கேட்காமல் செய்கிற மெக்-ஏ, மெக்-சி மரபணுக்கள் இரண்டும் இல்லை என்றால் அது கிட்டத்தட்ட நிச்சயமாக எம்எஸ்எஸ்ஏ (அந்த மருந்துகள் கேட்கும் ஆரியஸ்), அப்படியானால் வான்கோமைசினிலிருந்து செஃபாசோலினுக்கோ ஃப்ளூகுளோக்சாசிலின் வகைக்கோ உடனே மாறுங்கள். பலரும் இந்தப் பேனலை ‘பெரிய மருந்து தேவையா’ என்று பார்க்க மட்டுமே பயன்படுத்துகிறார்கள், ஆனால் எம்எஸ்எஸ்ஏவுக்கு வான்கோமைசின் மட்டமான மருந்து, செஃபாசோலின் போன்ற பீட்டா லேக்டம்தான் நன்றாகக் கொல்லும். இங்கே சின்ன மருந்துதான் பலமான மருந்து. என்னைக் கேட்டால் இந்த டெஸ்டின் காசுக்கு முழு மதிப்பு கிடைப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

அதே மெக்-ஏ, ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸோடு சேர்ந்து வந்தால் கதை வேறு. அது தோலில் வாழ்கிற கிருமி, அதில் பாதிக்கு மேல் மெக்-ஏ இருக்கும். நாலு பாட்டிலில் ஒன்றில் மட்டும் வந்திருந்து, நோயாளியிடம் சென்ட்ரல் லைனோ செயற்கை வால்வோ இல்லை என்றால் பெரும்பாலும் ரத்தம் எடுக்கும்போது ஒட்டிக்கொண்டதுதான். ஆரியஸும் எபிடெர்மிடிஸும் ஒரே பாட்டிலில் இருந்தால்? மெக்-ஏ யாருடையது என்று சாதாரண பேனலால் சொல்ல முடியாது. அதனால்தான் புதிய பேனல்கள் மெக்-ஏவோடு, அது உட்கார்ந்திருக்கும் கேசட் (இடம் மாறக்கூடிய டிஎன்ஏ துண்டு) ஆரியஸின் குரோமோசோமில் சேருகிற இடத்தையும் தேடுகின்றன. அந்தச் சேரும் இடத்தை மட்டும் தேடிய பழைய டெஸ்ட்கள் வேறு விதமாக ஏமாந்தன. கேசட் இருக்கும், உள்ளே மெக்-ஏ உதிர்ந்து போயிருக்கும், டெஸ்ட் எம்ஆர்எஸ்ஏ என்று கத்தும்.

என்டெரோகாக்கஸில் வான்-ஏ அல்லது வான்-பி மரபணு வந்தால் வான்கோமைசினை மறந்துவிடலாம், லினெசோலிட் அல்லது டாப்டோமைசின் பக்கம் போக வேண்டும். என்டெரோகாக்கஸ் ஃபேகாலிஸ் என்று வந்து வான் மரபணு இல்லை என்றால் பெரும்பாலும் ஆம்பிசிலினே போதும்.

கிராம் நெகட்டிவ் கிருமிகள் (ஸ்லைடில் இளஞ்சிவப்பாகத் தெரிபவை)தான் தலைவலி.

ஈ.கோலை அல்லது கிளெப்சியெல்லா, சிடிஎக்ஸ்-எம் மரபணு பாசிட்டிவ் என்றால் அது இஎஸ்பிஎல் (பெரும்பாலான பென்சிலின், செஃபலோஸ்போரின் மருந்துகளை உடைக்கும் நொதி), செஃப்ட்ரியாக்சோன் கேட்காது. பைப்பெராசிலின்-டாசோபாக்டம் போதுமா என்ற பழைய சண்டைக்கு 2018-ல் வந்த மெரினோ ஆய்வு பதில் சொன்னது: செஃப்ட்ரியாக்சோன் கேட்காத ஈ.கோலை, கிளெப்சியெல்லா ரத்தத் தொற்றில் 30 நாள் இறப்பு மெரோபெனெம் எடுத்தவர்களில் 3.7 சதவீதம், பைப்பெராசிலின்-டாசோபாக்டம் எடுத்தவர்களில் 12.3 சதவீதம். ஆகவே சிடிஎக்ஸ்-எம் வந்தால் மெரோபெனெம், விவாதம் வேண்டாம். சிடிஎக்ஸ்-எம் இல்லை என்றால்? இஎஸ்பிஎல் வேறு மரபணுக்களாலும் வரும். எஸ்எச்வி, டெம் வகைகளைப் பல பேனல்கள் பார்ப்பதே இல்லை. நோயாளி நிலையாக இருந்தால் குறைக்க யோசிக்கலாம், ஷாக்கில் இருக்கிறவருக்கு இதை மட்டும் நம்பி நான் குறைக்க மாட்டேன்.

என்டெரோபாக்டர் குளோயகே என்று வந்தால் சிடிஎக்ஸ்-எம் இல்லாவிட்டாலும் செஃப்ட்ரியாக்சோன் பக்கம் போகாதீர்கள். அதன் குரோமோசோமிலேயே ஆம்ப்-சி நொதி இருக்கிறது, மருந்து கொடுக்கக் கொடுக்க அது கூடும். பேனலில் இது தெரியாது. இங்கே கிருமியின் பெயரே பாதி ரிசல்ட்.

கார்பபெனமேஸ் (மெரோபெனெம் போன்ற கார்பபெனெம் மருந்துகளை உடைக்கும் நொதி) மரபணு வந்தால் எது என்று பாருங்கள், ‘கார்பபெனெம் கேட்காது’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கேபிசி, ஆக்சா-48 இரண்டுக்கும் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் வேலை செய்யும். என்டிஎம், விஐஎம், ஐஎம்பி மூன்றும் உலோகம் சார்ந்த நொதிகள், அவிபாக்டம் அவற்றைத் தொடவே தொடாது. அங்கே அதோடு அஸ்ட்ரியோனத்தையும் சேர்க்க வேண்டும், அல்லது செஃபிடெரோகால். என்டிஎம்மால் அஸ்ட்ரியோனத்தை உடைக்க முடியாது, உடைக்கிற மற்ற நொதிகளை அவிபாக்டம் பிடித்துக்கொள்ளும், இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். ஆரம்பத்தில் சொன்ன நோயாளிக்குத் தேவைப்பட்டது இந்த ஒரு வரிதான். இன்னொன்று, ஆக்சா-48 இருக்கும் கிருமி மறுநாள் பிளேட்டில் மெரோபெனெம் கேட்பது போல நடிக்கும், எம்ஐசி (கிருமி வளர்வதைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்து அளவு) குறைவாகவே காட்டும். அதைப் பார்த்து மரபணு ரிசல்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

சூடோமோனாஸும் அசினெட்டோபாக்டரும் வந்தால் ‘மரபணு எதுவும் இல்லை’ என்ற வரியை நான் கிட்டத்தட்டப் படிப்பதே இல்லை. சூடோமோனாஸ் தன் சுவரில் மருந்து நுழைகிற துளையை மூடிவிடும், உள்ளே வந்ததைப் பம்பு வைத்து வெளியே தள்ளும், இதற்கெல்லாம் தேட ஒரு தனி மரபணு கிடையாது. அசினெட்டோபாக்டரில் வழக்கமாக வருகிற ஆக்சா-23 பல பேனல்களின் பட்டியலிலேயே இல்லை. இங்கே பேனல் சொல்கிற உருப்படியான தகவல் கிருமியின் பெயர் மட்டும்தான்.

அப்புறம், ஸ்லைடும் பேனலும் ஒத்துப்போகாத நாட்கள். ஸ்லைடில் சிவப்புக் குச்சி, பேனலில் ஒன்றுமே இல்லை என்றால் பட்டியலில் இல்லாத கிருமி. ‘கிருமி இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள், ‘பேனலில் உள்ளவை இல்லை, கல்ச்சர் தொடர்கிறது’ என்று எழுதுங்கள். ஸ்லைடில் ஊதாக் கொத்து மட்டும் இருக்க, பேனல் அதோடு ஒரு கிராம் நெகட்டிவையும் சேர்த்துச் சொன்னால் இரண்டு வாய்ப்பு: கண்ணுக்குத் தப்பிய கலப்புத் தொற்று, அல்லது பாட்டில் திரவத்திலேயே இருந்த செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏ. பிசிஆருக்குச் செத்ததும் உயிருள்ளதும் ஒன்றுதான். ஸ்லைடை மறுபடி போட்டுப் பாருங்கள், நோயாளி மோசமாக இருந்தால் பிளேட் வளரும்வரை இரண்டையும் மூடுகிற மருந்து ஓடட்டும்.

இப்போது போன். ரிசல்ட்டை கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு யாராவது பார்ப்பார்கள் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். 2015-ல் வந்த, 617 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வில், தேவையில்லாத மருந்தைச் சரியாகக் குறைக்க ஆன நேரம் வழக்கமான முறையில் 34 மணி, விரைவு பிசிஆர் மட்டும் செய்தபோது 38 மணி. ஆமாம், பிசிஆர் செய்தும் சீக்கிரம் குறைக்கவில்லை! அதோடு ஆன்டிபயாடிக் ஆலோசனைக் குழுவும் சேர்ந்து பேசியபோதுதான் 21 மணிக்கு இறங்கியது. 2017-ல் 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததிலும் அப்படித்தான், இப்படி ஒரு குழு இருந்த இடங்களில்தான் இறப்பு தெளிவாகக் குறைந்தது.

போனில் எப்படிப் பேசுவது என்பதற்கு நான் சொல்லிக்கொடுப்பது இது. முதலில் நோயாளியின் பெயரும் பதிவு எண்ணும். பிறகு, “டாக்டர், நேற்று மாலை எடுத்த நாலு பாட்டிலில் இரண்டு பாசிட்டிவ். ஈ.கோலை. சிடிஎக்ஸ்-எம் இருக்கிறது, கார்பபெனமேஸ் எதுவும் இல்லை. செஃப்ட்ரியாக்சோன் கேட்காது. இப்போது என்ன மருந்து ஓடுகிறது?” இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் எதிர்முனையில் கேஸ் ஷீட்டைப் புரட்டுகிற சத்தம் வரும், அதன் பிறகு ஒரு “ஓ” வரும். நீங்கள் சொன்னதை அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், அவர் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ராத்திரி டியூட்டி டாக்டருக்கு மரபணுப் பெயர் புரியாமல் போகலாம், அதில் தப்பில்லை; ஒவ்வொரு மரபணுவுக்கும் எந்த மருந்து கேட்காது, எதைப் பரிசீலிக்கலாம் என்று இரண்டு வரியை உங்கள் மருத்துவமனைக் குழு முன்கூட்டியே எழுதி, ரிப்போர்ட்டிலேயே தானாக வரும்படி செய்துவிடுங்கள்.

கார்ட்ரிட்ஜ் வாங்க வசதியில்லாத லேப் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. கர்ப்பப் பரிசோதனைப் பட்டை மாதிரியே இருக்கும் ஒரு பட்டை ஐந்து முக்கிய கார்பபெனமேஸ்களையும் 15 நிமிடத்தில் காட்டும். யூகாஸ்ட் என்ற ஐரோப்பிய அமைப்பின் ராஸ்ட் என்ற விரைவு முறையில் பாசிட்டிவ் பாட்டிலிலிருந்து 125 மைக்ரோலிட்டரை நேராக முல்லர்-ஹின்டன் பிளேட்டில் பரப்பி, மருந்து டிஸ்க் வைத்து, 4, 6, 8 மணி நேரத்தில் வட்டத்தை அளந்து படிக்கலாம். மரபணு எதுவாக இருந்தாலும் மருந்து கேட்கிறதா இல்லையா என்று அது நேராகவே சொல்லிவிடும். உண்மையைச் சொன்னால், கார்ட்ரிட்ஜ் இருக்கிற நாளிலும் சூடோமோனாஸ் வந்தால் நான் இதையும் போட்டுவிடுவேன்.

மறுநாள் பிளேட் வளர்ந்ததும் முந்தைய நாள் ரிசல்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மெக்-ஏ இல்லை என்று வந்த ஆரியஸ், செஃபாக்சிடின் (எம்ஆர்எஸ்ஏவைக் கண்டுபிடிக்க வைக்கும் மருந்து) டிஸ்கைச் சுற்றி வட்டமே விடாமல் வளர்ந்திருந்தால் உடனே வார்டுக்கு மறுபடி போன் போக வேண்டும், ரிப்போர்ட்டைத் திருத்துவது அதற்கப்புறம்.

எங்கள் மெஷின் பக்கத்தில் இப்போது ஒரு நோட்டு கட்டித் தொங்குகிறது. அலாரம் அடித்த நேரம், ஸ்லைடு பார்த்த நேரம், கார்ட்ரிட்ஜ் போட்ட நேரம், ரிசல்ட் வந்த நேரம், போன் செய்த நேரம், மருந்து மாறிய நேரம் என்று ஆறு கட்டம். ஆறாவது கட்டத்தை நிரப்ப வார்டுக்கு இரண்டாவது தடவை போன் செய்தே ஆக வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தும் அது காலியாக இருந்தால், டியூட்டியில் இருப்பவர் ஆலோசனைக் குழு டாக்டரை எழுப்பலாம், யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.